கிருபை டீச்சர் ஏற்றிய கூண்டு

மழை ஏன் பெய்தது என்று ஒரு கேள்வி. அதற்கு நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் சொன்ன பதில், கிருபை டீச்சரின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் பஞ்சுக் கிட்டங்கிகளைத் தாண்டி வடக்கே நடந்தால் ஒரு முனிசிபல் பள்ளிக்கூடம் வரும். ஐந்து வகுப்பு, நான்கு ஆசிரியர்கள். மொட்டை மாடியில் ஒரு நீளக் கம்பம். வருஷத்துக்கு ஒரு முறை, இங்கிலாந்து ராஜாவின் பிறந்தநாளைக்கு மட்டும் அதில் கொடி ஏறும். மற்ற நாள்களில் காக்கை உட்காரும். பிள்ளைகளில் பாதிப்பேர் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். மீதிப்பேர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், உப்பளத்துக்குப் போகிறவர்கள், சின்னக் கடைக்காரர்கள் வீட்டிலிருந்து வருகிறவர்கள். இரண்டாம் வகுப்பு கிருபை டீச்சர் பொறுப்பு.

இரண்டாம் உலகப் போர் முடிந்த வருஷம் கார்த்திகை மாதத்தில் டிப்டி இன்ஸ்பெக்டர் ஆறுமுகநயினார் அங்கே வந்தார். வெள்ளைத் தலைப்பாகை, கறுப்புக் குடை. வெயிலானாலும் மழையானாலும் அவரைக் குடையில்லாமல் பார்த்தவர் கிடையாது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தை மணிமணியாக வாசித்தார்கள். அவருக்கு அது போதவில்லை. புத்தகத்தை மூடச் சொன்னார். குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, சுண்ணக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் தாமே எழுதினார்.

'ராமன் குடையை மறந்தான். மழை பெய்தது. ராமன் நனைந்தான்.'

எல்லோரும் பிழையில்லாமல் வாசித்தார்கள்.

"ராமன் ஏன் நனைந்தான்?"

"மழை பெய்தது!"

இன்ஸ்பெக்டர் தலையை அசைத்தார். "சரி. மழை ஏன் பெய்தது?"

"ராமன் குடையை மறந்தான்!"

நாற்பது குரல். ஒரு பிள்ளைக்குக்கூடச் சந்தேகம் இல்லை. பக்கத்தில் நின்ற தலைமையாசிரியர் தனராஜ் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. போகும்போது பள்ளியின் பார்வைப் புத்தகத்தில் இப்படி எழுதிவிட்டுப் போனார்: 'இரண்டாம் வகுப்பு. வாசிப்பு நன்று. ஆனால் எதனால் எது நடந்தது என்பது பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. எந்த வாக்கியம் முன்னால் இருக்கிறதோ அதையே காரணம் என்கிறார்கள். அடுத்த வருஷமும் இந்த நிலை இருந்தால் ஆசிரியையின் நியமனத்தை உறுதி செய்யச் சிபாரிசு செய்வதற்கில்லை.'

அப்போது டீச்சருக்கு இருபத்து நான்கு வயது. சாத்தான்குளத்துக்கு மேற்கே பனை நிறைந்த செம்மண் தேரிக்காட்டில் பிறந்தவர். அப்பா கிறிஸ்தவ சபை உபதேசியார், டீச்சர் பக்கத்து ஊரான நாசரேத்தில் ஆசிரியப் பயிற்சியில் இருந்தபோதே இறந்துபோனார். ஊரில் இருப்பது அண்ணன் வீடு. அங்கே ஐந்து பிள்ளைகள், இரண்டு பசு, ஓயாத வேலை. சோற்றுக்குக் குறையில்லை. ஆனால் ஒருமுறை அந்த வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டால் மறுபடி வெளியே வரும் வழி இருக்காது என்பது டீச்சருக்குத் தெரியும். அவர் வேலை தற்காலிக வேலை. இரண்டாவது பார்வையில் உறுதியானால் உண்டு, இல்லாவிட்டால் ஊருக்குப் பஸ்.

எங்கள் தெருவில்தான் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். அதனால் இந்தக் கதையை அவர் வாயாலேயே கேட்டேன். விட்டுப்போனதைப் பிறகு மற்றவர்களிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

முதலில் அவர் செய்தது எல்லா ஆசிரியர்களும் செய்கிற காரியம். 'அதனால்', 'ஆகையால்', 'ஏனென்றால்' என்று பலகையில் பெரிதாக எழுதிப் போட்டு, இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் அவற்றைச் சேர்க்கப் பழக்கினார். ஒரே வாரத்தில் பிள்ளைகள் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனியில் வகுப்பு மாறிப் புதுப் பிள்ளைகள் வந்தார்கள்; அவர்களும் அப்படியே. அவர்களில் பேபி என்று ஒரு பெண், கடைக்காரர் மகள், எழுந்து நின்று சொன்னாள்: "பசு புல் தின்றது. அதனால் எங்க மாமா கொழும்புக்குப் போனான்."

"ஏளா, பசு தின்னதுக்கும் ஒங்க மாமாவுக்கும் என்ன?"

"ரெண்டும் நேத்து நடந்துச்சு டீச்சர்."

இப்படியே பத்து மாதம் போயிற்று. மறு வருஷம் ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை துறைமுகக் கொடிமரத்தில் புயல் கூண்டு ஏறியது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கடலில் பெருங்காற்று வரப்போகிறது என்று செய்தி கிடைத்தால், துறைமுகத்தில் கறுப்பு நிறக் கூடை போன்ற ஒன்றைக் கொடிமரத்தின் உச்சிக்கு ஏற்றுவார்கள். அதைப் பார்த்ததும் வள்ளக்காரர்கள் கடலுக்குப் போகமாட்டார்கள். அன்று பிற்பகல் ஏறிய கூண்டுக்கு மறுநாள் காலையில் காற்று வந்தது. கரையில் இழுத்துப் போட்டிருந்த வள்ளம் ஒன்று புரண்டு, பலகை பிளந்தது. அது சூசை என்ற பையனின் அப்பாவுடைய வள்ளம். சூசை இரண்டாம் வகுப்பு.

திங்கட்கிழமை டீச்சர் வகுப்புக்குள் வந்தபோது பகவதி என்ற சின்னப் பெண் பாயை விட்டுத் தள்ளி, சுவர் ஓரத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"பகவதி, ஏன் அங்கன போயி உக்காந்திருக்க?"

சூசை எழுந்தான். "நான்தான் தள்ளிவிட்டேன் டீச்சர். அவுக அப்பன்தான் காத்தைக் கூப்பிட்டது."

பகவதியின் அப்பா இசக்கியப்பன். துறைமுக ஆபீசில் கொடிமரத்துக் கயிறு இழுப்பது அவர் வேலை.

"யாருலே சொன்னா?"

"யாரு சொல்லணும்? அவுக அப்பன் கூண்டு ஏத்துனான். காத்து வந்துச்சு. எங்க வள்ளம் போச்சு."

டீச்சர் மற்றவர்களைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. காத்து ஏன் வந்தது?"

"கூண்டு ஏத்துனாவ!"

அதே நாற்பது குரல். இல்லை, முப்பத்தொன்பது. ராமன் குடையை மறந்தான், மழை பெய்தது. டீச்சருக்கு அப்போதுதான் விளங்கியது. பிள்ளைகள் பாடத்தில் மட்டும் தப்புச் செய்யவில்லை. கடற்கரையில் எப்படி நினைக்கிறார்களோ அப்படித்தான் புத்தகத்திலும் நினைக்கிறார்கள். கண்ணுக்கு எது முதலில் தெரிகிறதோ அது காரணம். அதை மாற்ற 'அதனால்' என்ற சொல் போதாது.

சாயங்காலம் பகவதியைக் கையில் பிடித்துக்கொண்டு துறைமுகத்துக்கு நடந்தார். இசக்கியப்பன் கொடிமரத்தின் அடியில் உட்கார்ந்து கயிற்றுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். நடந்ததைக் கேட்டு அவர் கோபப்படவில்லை.

"இது பழைய கதை டீச்சர். நான் கயிறு இழுக்கிறவன். காத்து எங்கிட்ட கேட்டா வருது?"

"கூண்டு ஏத்தணும்னு ஒங்களுக்கு யாரு சொல்லுதா அண்ணாச்சி?"

"தந்தி வரும். எங்கனயோ நடுக்கடல்ல காத்து கௌம்பிட்டுன்னு. ஆபீசர் படிச்சுப் பாத்துட்டு, 'ஏ இசக்கியப்பா'ன்னு ஒரு சத்தம் குடுப்பாவ. நான் இழுப்பேன். அம்புட்டுதான்."

"அப்ப காத்து முந்தியே கௌம்பிருது."

"ஆமா, அது பாட்டுக்கு வழியில வந்துக்கிட்டிருக்கும். ஆனா ஊருக்கு மொதல்ல தெரியுறது கூண்டு, அப்புறந்தான் காத்து. போன வருஷம் ஒரு அம்மா வந்தா. 'தம்பி, எம் மவளுக்கு வார செவ்வாக்கெழமை கல்யாணம், அது வரைக்கும் ஏத்தாம இருய்யா'ன்னு ஒரு சீப்புப் பழத்தைக் கையில குடுத்துட்டுப் போயிட்டா."

"நீங்க என்ன செஞ்சிய?"

"பழத்தைத் தின்னேன். காத்து வரல. இப்ப என்னைக் கண்டா கையெடுத்துக் கும்பிடுதா."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். பகவதியும் சிரித்தாள். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அவருக்கு ஒரே யோசனை. தந்தியைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்; நம்பமாட்டார்கள். கூண்டுதான் காற்றைக் கொண்டுவருகிறது என்றால், யார் கூண்டு ஏற்றினாலும் காற்று வரவேண்டும் அல்லவா? ஏற்றியும் வராவிட்டால்? அதைப் பிள்ளைகள் தங்கள் கண்ணால் பார்க்கட்டும்.

தேரிக்காட்டில் பிறந்தவருக்கு ஓலை முடையத் தெரியாமல் இருக்குமா? சனிக்கிழமை உட்கார்ந்து குருத்தோலையில் ஒரு பெரிய பெட்டி முடைந்தார். அடுப்புக் கரியைக் கஞ்சியில் குழைத்து உள்ளும் புறமும் பூசிக் காயவைத்தார். தலைமையாசிரியரிடம், "சார், ஒரு பாடத்துக்காக மாடிக் கம்பம் வேணும்" என்றார். ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த தனராஜ், தலை நிமிராமலே, "எடுத்துக்கோங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வகுப்பு முழுவதும் மொட்டை மாடியில் நின்றது. வானம் வெளுத்துக் கிடந்தது. கடலில் ஒரு சுருக்கம் இல்லை.

"சூசை, வா. நீயே கயிறை இழு."

சூசை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "நான் மாட்டேன் டீச்சர். எங்க மாமா வள்ளத்துல எங்கய்யா இன்னைக்கு மத்தியானம் வலை கொண்டு போறாவ. காத்து வந்துட்டுன்னா?"

"பகவதி?"

அவளும் தலையை ஆட்டிவிட்டாள். அப்பாவுக்குக் கிடைத்த பெயர் போதாதா? கடைசியில் டீச்சரே இழுத்தார். கறுப்புப் பெட்டி ஆடி ஆடிக் கம்பத்தின் உச்சிக்குப் போய் நின்றது. பிள்ளைகள் மூச்சுவிடாமல் கடலையே பார்த்தார்கள்.

"டீச்சர், அந்தா ஒரு கிளை ஆடுது!"

"அது காக்கா உக்காந்ததுல்லா."

"காக்கா ஏன் உக்காந்துச்சு?" என்றாள் பேபி. "கூண்டு ஏத்துனதுனாலதான்."

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது. காற்று வரவில்லை. சூசை இரண்டு தடவை மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "டீச்சர், போதும், இறக்கிருங்க" என்றான். "இல்ல, சாயங்கால மணி வரைக்கும் கெடக்கட்டும். ஒரு பொழுது முழுக்கப் பாத்தாத்தான் ஒனக்கு நம்பிக்கை வரும்" என்றார் டீச்சர். மூன்று மணிக்குச் சிலேட்டை எடுக்கச் சொல்லி எழுத வைத்தார். 'கூண்டு ஏற்றினோம். காற்று வரவில்லை.' எழுதி முடித்ததும் யாரும் சொல்லாமலே இரண்டு பெண்கள் நகர்ந்து, பகவதிக்குப் பாயில் இடம்விட்டார்கள். ஒரு வருஷமாக வராத பாடம் ஒரே நாளில் வந்துவிட்டது என்று டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றரை மணிக்குத் தெருவில் சத்தம் கேட்டது.

வடக்குக் கரையில் நின்று பார்த்தால் பள்ளிக்கூடத்து மாடியும், அதற்குப் பின்னால் தூரத்தில் துறைமுகக் கொடிமரமும் ஒரே நேர்கோட்டில் தெரியும். பள்ளிக்கூடத்துக் கம்பத்தில் தொங்கிய பெட்டி, கொடிமரத்தில் ஏறிய கூண்டாகவே அங்கே இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தேரிக்காட்டிலிருந்து வந்தவருக்கு இது எப்படித் தெரியும்? அவர் ஒருநாளும் வடக்குக் கரையில் நின்று கொடிமரத்தைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய தேவை அவருக்கு இருந்ததில்லை.

முதலில் உள்ளே வந்தது சூசையின் அம்மா கித்தேரியம்மாள். இடுப்பில் காலி மீன்கூடை.

"ஏளா டீச்சரு! புள்ளையளுக்குப் பாடஞ் சொல்லுன்னு விட்டா, ஊருக்கே பாடஞ் சொல்லுதியோ? நீ டீச்சரா, துறைமுகத்துத் தொரையா?"

"அம்மா, கொஞ்சம் மரியாதையா" என்று தனராஜ் குறுக்கே வந்தார்.

"மரியாதையக் கொண்டு கொளம்பு வைக்கவா? ஒரு மீனு கெடையாது இன்னைக்கு!"

அவளுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர். முன்னால் நின்றவர் தண்டல் சிலுவைமுத்து. வள்ளத்தை நடத்திப் போகிறவரைத் தண்டல் என்பார்கள். அந்தக் கரையில் மற்ற தண்டல்களும் அவர் சொல்லைக் கேட்பார்கள். அவர் குரலை உயர்த்தவில்லை.

"பதினொரு வள்ளம் கரையில கெடக்கு டீச்சர். வலையை ஏத்தி, கூண்டைப் பாத்துட்டுத் திருப்பி எறக்கியாச்சு. மூணு மணியாச்சு, கடல் எண்ணெய் மாரி கெடக்கு. மொதல்ல போயி இசக்கியப்பனைப் பிடிச்சோம். அவன் பாவம், ஏத்தவே இல்லன்னு சத்தியம் பண்ணுதான். திரும்பி வாரையிலதான் தெரியுது, கூண்டு இங்கன தொங்குது."

"சார், பாடத்துக்குன்னுதானே கேட்டீங்க" என்றார் தனராஜ் டீச்சரைப் பார்த்து, யாரிடம் பேசுகிறோம் என்பதே மறந்துபோய்.

கிருபை டீச்சர் வாசலுக்கு வந்து நின்றார். "தப்பு எம்மேலதான் அண்ணாச்சி. கூண்டு காத்தைக் கொண்டு வராதுன்னு பிள்ளைகளுக்குக் காட்ட நெனச்சேன். அங்கன இருந்து பாத்தா இப்படித் தெரியும்னு எனக்குத் தெரியாது."

"நல்லாக் காட்டுன போ!" என்றாள் கித்தேரியம்மாள்.

அப்போது டீச்சரின் முதுகுக்குப் பின்னாலிருந்து சூசை தலையை நீட்டினான். "எம்மா, காத்து வந்துச்சா?"

"எங்கன வந்துச்சு? அதானேலே வயிறெரியுது!"

"அப்பக் கூண்டு காத்தைக் கூப்பிடல. ஒங்களைத்தான் கரையில நிறுத்திருக்கு."

கித்தேரியம்மாள் எட்டி அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். சிலுவைமுத்து சிரிக்கவில்லை.

"பய சொல்லுதது சரிதான். ஆனா சிரிக்கதுக்கு இல்ல. இன்னைக்கு ஒரு நாள் பாடு போச்சு, போகட்டும். நாளைக்கு இசக்கியப்பன் நெசமாவே ஏத்துவான். அப்ப எங்க எளவட்டப் பயலுவ, 'இதுவும் டீச்சரு கூண்டுதாம்லே'ன்னு வள்ளத்தைத் தள்ளிட்டுப் போயிட்டா என்ன செய்வீய?"

காரணத்தைச் செய்தால் காரியம் வரும் என்று சொல்லிக்கொடுத்தவர் கிருபை டீச்சர். தாம் செய்ததிலிருந்து இன்னொரு காரியமும் வரலாம், அதில் ஆள் சாகலாம் என்று அவர் நினைத்தே பார்க்கவில்லை.

"கம்பத்தை இப்பமே எறக்கிருங்க" என்றார் டீச்சர். "நீங்களே வந்து எறக்குங்க அண்ணாச்சி."

தனராஜ் முனிசிபாலிட்டி, உத்தரவு என்று ஏதோ முனகினார். யாரும் காதில் வாங்கவில்லை. பொழுது சாய்வதற்குள் கம்பம் தரையில் கிடந்தது.

மறுநாள் விடிந்ததும் டீச்சர் அந்தக் கறுப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு வடக்குக் கரைக்குப் போனார். பதினொரு வள்ளத்துக்கும் தனித்தனியாகப் போய்க் காட்டினார். "இது நான் முடைஞ்சது. இனிமே பள்ளிக்கூடத்துல கம்பமும் இல்ல, பெட்டியும் இல்ல. அங்கன ஒண்ணு தெரிஞ்சா அது இசக்கியப்பன் அண்ணாச்சி ஏத்தினதுதான். நம்புங்க." சிலர் கேட்டுக்கொண்டார்கள். ஒருவன், "பெட்டி நல்லாருக்கு டீச்சர், மீனு போட ஆவும்" என்றான். டீச்சர் அவனோடு சேர்ந்து சிரிக்க முயன்றார், முடியவில்லை.

அடுத்த கூண்டு பதினெட்டு நாள் கழித்து ஏறியது. டீச்சர் வகுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு மாடிக்குப் போய் வடக்குக் கரையைப் பார்த்தபடி நின்றார். சிலுவைமுத்து பள்ளிக்கூடத்துப் பக்கம் வரை நடந்துவந்தார். மாடியைப் பார்த்தார், தூரத்துக் கொடிமரத்தைப் பார்த்தார், கையை உயர்த்தி ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனார். ஒரு வள்ளமும் தண்ணீரில் இறங்கவில்லை. பதினெட்டு நாளுக்குப் பிறகு அன்றுதான் டீச்சருக்குச் சோறு இறங்கியது.

ஆனால் முனிசிபல் ஆபீசுக்கு யாரோ புகார் எழுதிப் போட்டிருந்தார்கள். 'பள்ளி ஆசிரியை பொய்க் கூண்டு ஏற்றி மீனவர் தொழிலைக் கெடுத்தார்.' அது இன்ஸ்பெக்டர் கைக்குப் போயிற்று. பார்வைக்கு வரும்போது நேரிலேயே விசாரிப்பதாக அவர் கடிதம் எழுதியிருந்தார். உறுதிச் சிபாரிசும் அன்றுதான்.

தனராஜ் நல்ல மனிதர், பயந்த மனிதர். பார்வைக்கு முந்தின நாள் டீச்சரைக் கூப்பிட்டார். "பிள்ளைகளைக் கேட்பார். வள்ளம் போனது போகாதது எங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லும்படி சொல்லிவையுங்க. சின்னப் பிள்ளைகள்தானே."

"ஒரு வருஷமா எதனால எது நடந்துதுன்னு சொல்லிக் கொடுத்தேன் சார். இப்ப மாத்திச் சொல்லுன்னு சொன்னா, அதுக என்ன படிச்சதா அர்த்தம்?"

"வேலை போயிரும்மா."

"தெரியும் சார்" என்றார் டீச்சர். அன்று சாயங்காலம் ஊருக்குப் போகத் தகர டிரங்கில் துணியை மடித்து வைத்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் ஆறுமுகநயினார் மறுநாள் பத்தரை மணிக்கு வந்தார். அதே தலைப்பாகை, அதே குடை. புகாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக இரண்டாம் வகுப்புக்குள் போய், குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, போன வருஷம் எழுதிய அதே மூன்று வாக்கியங்களை எழுதினார். வகுப்பில் இருந்தவர்கள் இந்த வருஷத்துப் பிள்ளைகள். அவர்களுக்கு அது புதிது.

"ராமன் ஏன் நனைந்தான்?"

"மழை பெஞ்சுது. குடை இல்ல." இரண்டு பதிலும் வந்தன.

"மழை ஏன் பெய்தது?"

பகவதி மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"அது இதுல எழுதலை சார்."

"ஏன், ராமன் குடையை மறந்தான் என்று எழுதியிருக்கிறதே?"

"அது முன்னால எழுதியிருக்கு. அதுக்காக அது காரணமில்ல. அவன் குடை கொண்டு போயிருந்தாலும் மழை பெஞ்சிருக்கும். நனைஞ்சிருக்க மாட்டான்."

"நீங்க இன்னைக்குக் குடை கொண்டாந்திருக்கிய" என்றாள் பேபி, உட்கார்ந்தபடியே. "அதுக்காகவா சார் மழை வரல?"

தனராஜ் இருமினார். இன்ஸ்பெக்டர் அவளையும் குடையையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு பலகையைத் துடைத்துவிட்டு, பையிலிருந்து அந்தப் புகார்க் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு புதிதாக எழுதினார்.

'டீச்சர் கூண்டு ஏற்றினார். காற்று வரவில்லை. வள்ளங்கள் கடலுக்குப் போகவில்லை.'

"வாசியுங்கள்."

வாசித்தார்கள். கடைசி வாக்கியத்தில் குரல் இறங்கிவிட்டது.

"வள்ளங்கள் ஏன் போகவில்லை?"

பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். பதில் எல்லோருக்கும் தெரியும். அதைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் சிலருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைசியில் சூசை எழுந்து நின்றான்.

"காத்து வராததுனால இல்ல சார். காத்து இல்லன்னா போவாவ. எங்க டீச்சர் கூண்டு ஏத்துனதுனால போகல."

"அப்படியென்றால் தப்பு டீச்சர் மேல் என்கிறாயா?"

சூசை பலகையை மறுபடி ஒரு தடவை மனதுக்குள் வாசித்தான். உதடு அசைந்தது.

"தப்பான்னு இதுல எழுதலை சார். ஆனா அவுகதான் காரணம்."

இன்ஸ்பெக்டர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார். "இப்படிச் சொல்லும்படி நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்களா?" என்று டீச்சரிடம் கேட்டார்.

"சொல்லிக் கொடுத்திருந்தா அதுக வேற மாதிரி சொல்லியிருக்கும் சார்" என்றார் டீச்சர்.

ஆறுமுகநயினார் சிரித்ததை அந்தப் பள்ளிக்கூடம் அன்றுதான் பார்த்தது. சத்தமில்லாத சிரிப்பு, தலைப்பாகை மட்டும் ஆடியது.

விசாரணைக்கு வரச் சொல்லியிருந்ததால் சிலுவைமுத்து வெளியே நின்றுகொண்டிருந்தார். அவரையும் கேட்டார்கள். "ஒரு நாள் பாடு போச்சு, மெய்தான். டீச்சர் கம்பத்தை அன்னைக்கே எறக்க வச்சிட்டாவ. மறுநா கரைக்கே வந்து ஒவ்வொருத்தங்கிட்டயும் சொன்னாவ. கூண்டு ஏறுனா இப்பவும் நாங்க நம்புதோம். எங்களுக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

இன்ஸ்பெக்டர் பார்வைப் புத்தகத்தில் வெகுநேரம் எழுதினார். அவர் போன பிறகு தனராஜ் அதை டீச்சருக்கு வாசித்துக் காட்டினார். 'ஆசிரியை முன்யோசனையின்றிக் கூண்டு ஏற்றியது பெரும் தவறு. இதற்காக அவர் கண்டிக்கப்படுகிறார்' என்று முதலில் இருந்தது. அதன் கீழே, 'இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எதனால் எது நடந்தது என்பதைத் தெளிவாக அறிகிறார்கள். காரணம் சொல்லப்படாத இடத்தில் சொல்லப்படவில்லை என்கிறார்கள். ஆசிரியையின் நியமனத்தை உறுதி செய்யலாம்' என்று இருந்தது. தனராஜ் இரண்டாவதை மட்டும் இன்னொரு தடவை வாசித்தார். டீச்சர் புத்தகத்தை வாங்கி முதலாவதையும் தாமே வாசித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக்கொடுத்தார்.

அண்ணனுக்கு அன்றே ஒரு கார்டு எழுதினார். மடித்து வைத்த துணியை எடுத்து மறுபடி கொடியில் போட்டார்.

மறுநாள் வகுப்பில் பலகையில் இரண்டு வாக்கியம் இருந்தது. 'இன்ஸ்பெக்டர் டீச்சரைக் கண்டித்தார். டீச்சருக்கு வேலை நிலைத்தது.'

"கண்டிச்சதுனாலயா வேலை நிலைச்சுது?"

"இல்லை!" என்று நாற்பது குரல்.

"பின்ன எதனால?"

பகவதி கையைத் தூக்கினாள். "அது இதுல எழுதலை டீச்சர்."

"அப்ப நீயே வந்து எழுது."

பகவதி சுண்ணக்கட்டியை வாங்கிக்கொண்டு பலகைக்குப் போனாள். இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில்தான் இடம் இருந்தது. குதிகாலைத் தூக்கி நின்றும் அவளுக்கு எட்டவில்லை. சூசை எழுந்து முக்காலியைத் தள்ளிக்கொண்டு போனான்.